அழகுக்கோ புள்ளி?

‘இணையத்து நற்பிரசை’ என்னும் பொருளிலே மாணவர் செய்யும் செயற்றிட்டத்திற்குப் புள்ளியிடுதல் எளிதன்று. காட்சிப்பலகை அழகாயிருப்பின் அள்ளிக் கொடுப்பது நம்மிடை ஊறிய வழக்கம். இன்றோ, அப்பலகையின் வாசகத்தைக் கணினியே எழுதிக் கொடுத்துவிடுகின்றது!

ஆதலின், முடிவை விட்டு வழியைக் கணித்தல் வேண்டும். 2018 பெப்ரவரியில், அம்பாறை உணவகமொன்றின் உணவிலே கருத்தடை மருந்து கலந்துள்ளதென வதந்தி எழுந்து முகநூலிலும் பரவிற்று. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டியே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிவித்தது சில நாட்களின் பின்னரே.

இத்தகைய செய்தியொன்றை மாங்குளத்து மாணவர் குழுவொன்றிடம் கொடுத்துப் பாருங்கள். எதனை முதலில் ஐயுற்றனர், யாரை வினவினர், எவ்விடத்திலே கருத்தை மாற்றினர் என்பவற்றை நாட்குறிப்பில் எழுதட்டும். புள்ளியிற் பாதி அக்குறிப்புக்கே உரியது. பின்னர் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து இரண்டு வினாக்கள் கேட்கலாம். ஒருவர் உழைக்க நால்வர் புள்ளி பெறும் பழங்கதை அங்கே வெளிப்பட்டுவிடும். வீட்டுக்கு ஒரு கைப்பேசியே உள்ள பிள்ளைக்குத் தேடுவதற்குப் பாடசாலையிலேயே நேரம் ஒதுக்குதல் முறை.

தோழியின் படத்தை அவளைக் கேளாமலே பலகையில் ஒட்டிய குழுவுக்கு நான் புள்ளி குறைப்பேன். கேட்டு, அவள் மறுத்ததால் அவ்விடத்தை வெறுமையாகவே விட்ட குழுவுக்குக் கூட்டிக் கொடுப்பேன்.