உப்பிய பாட்டிலும் மலைத் தேனும்

ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் வணிகர்கள் அறிந்த விஷயம்தான்: சேலத்திலிருந்து வரும் சிப்ஸ் பாக்கெட் மலையேறியதும் உப்பிவிடும். சரக்கில் குறையில்லை. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. உள்ளிருக்கும் காற்று விரிகிறது, அவ்வளவே.

ஆனால் இங்கு அடைத்துக் கீழே அனுப்பும் தேன் பாட்டில் உப்பினால் கதை வேறு. மலையில் மூடிய பிளாஸ்டிக் பாட்டில் சேலம் சென்றதும் சற்று ஒடுங்கத்தான் வேண்டும். உப்புகிறதென்றால் தேன் நொதிக்கிறது என்று பொருள்.

தேனில் இயற்கையாகவே ஈஸ்ட் உண்டு. ஈரப்பதம் குறைவாக இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். உணவுப் பாதுகாப்பு விதிகள் பொதுவாக 20 சதவீதம் வரையே அனுமதிக்கின்றன. முதிராத அடையில் எடுத்த தேனிலும், ஈரம் உலராத பாட்டிலில் ஊற்றிய தேனிலும் நீர் கூடிவிடும். அப்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். பீர் உருவாவதும் இவ்வாறே.

வீட்டில் பீர் தயாரிக்கச் சட்டம் இடம் தரும் மேலைநாடுகளில் பலர் அதைப் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைக்கின்றனர். வாயு மிகுந்தால் கண்ணாடி வெடித்துச் சிதறும்; பிளாஸ்டிக் விறைப்பதைக் கையால் அழுத்தியே அறியலாம். அதிலும் குளிர்பான பாட்டில்தான் அழுத்தம் தாங்கும். தண்ணீர் பாட்டில் மெல்லியது. நம் நிலை வேறு. சென்னை மாகாணத்தில் 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கு முதலில் வந்ததே சேலம் ஜில்லாவில்தான். வீட்டில் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் இன்றும் குற்றம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பாட்டில் பற்றிய பாடத்தை மட்டுமே.

பழைய குளிர்பான, தண்ணீர் பாட்டில்களில் தேன் அடைக்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். கொதிநீர் ஊற்றினால் அவை இளகிச் சுருங்கும். ஆகவே கொதிநீரால் கிருமி நீங்கக் கழுவ இயலாது. பழைய வாடையும் தங்கும். பழைய லேபிளுடனோ, உரிய லேபிள் இன்றியோ விற்றால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

புதிய, நன்கு உலர்ந்த ஜாடிகளையே வாங்குங்கள். கண்ணாடி ஜாடி உப்பிக் காட்டாது. ஆதலால் கொள்முதலின்போதே நுரையும் புளிப்பு வாடையும் உண்டா என்று பாருங்கள். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழை, பனிக் காலங்களில் மூடியைத் திறந்து வைக்காதீர்கள். உப்பிய பாட்டிலை மெல்லத் திறந்து வாயுவை வெளியேற்றி, விற்பனையிலிருந்து விலக்குங்கள். ஒரு பாட்டில் நஷ்டத்தை ஈடுகட்டிவிடலாம். ஏற்காட்டுத் தேன் என்ற பெயர் கெட்டால் நம் அனைவரின் வியாபாரமும் கெடும்.