காருக்கும் மூச்சு உண்டு

தீபாவளி நெருங்கும் மாலைகளில் சிராங்கூன் சாலையில் கார்கள் ஊர்ந்து செல்வது வழக்கம். வண்டி நகராவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவை. பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. இந்தக் காற்றைப் பற்றிப் பேசுபவர் அரிது.

காரின் முன்பகுதியில் நுழையும் காற்றிலுள்ள தூசியை, மடிப்பு மடிப்பான தாள் வடிகட்டி தடுக்கிறது. பல கார்களில் அதற்கு அடுத்துள்ள உணர்கருவி காற்றின் அளவைக் கணக்கிடுகிறது. அந்த அளவுக்கேற்பக் கணினி பெட்ரோலைச் செலுத்துகிறது.

2013 ஜூன் 21ஆம் தேதி புகைமூட்டம் கடுமையாகி, சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐ எட்டியது. மக்கள் முகக்கவசம் அணிந்தனர். கார் இயந்திரத்துக்குத் தாள் வடிகட்டியே கவசம். மிக நுண்ணிய புகைத்துகள்கள் சில அதையும் கடந்துவிடும். ஆனால், சிலிண்டரின் சுவரை உரசித் தேய்ப்பது கட்டுமானத் தளங்களிலிருந்து பறக்கும் மணல் போன்ற பருத்த தூசிதான்.

வடிகட்டி அடைபட்டால் கார் பெட்ரோலை அதிகம் குடிக்கும் என்பார்கள். அது பெரும்பாலும் பழைய கார்களுக்கே பொருந்தும். இன்றைய கார்களில் கணினி பெட்ரோலைக் குறைத்துவிடும். குறைவது வேகமெடுக்கும் ஆற்றல்தான். அதைவிடக் கவனிக்க வேண்டியது ரப்பர் குழாய். இயந்திரத்தின் வெப்பத்தில் அது ஆண்டுக்கணக்கில் வெந்து, இறுகி, வெடிக்கிறது. உணர்கருவி அளக்காத காற்று அந்த வெடிப்பு வழியாக நுழையும்போது, நிற்கும் கார் நடுங்கும். எச்சரிக்கை விளக்கு எரியும். வடிகட்டப்படாத தூசியும் கூடவே உள்ளே போகும்.

தூசி மெல்லத் தேய்க்கும். தண்ணீரோ நொடியில் முடித்துவிடும். 2010 ஜூன் 16ஆம் தேதி ஆர்ச்சர்ட் சாலையே வெள்ளத்தில் மூழ்கியது. அத்தகைய வெள்ளத்தில் காரை ஓட்டினால், காற்று செல்லும் வழியில் தண்ணீர் புகலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலேறும் பிஸ்டன் அதில் மோதி, அதைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். பிறகு இயந்திரத்தையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

வெள்ளத்தில் கார் நின்றுவிட்டால், பதற்றத்தில் பலர் சாவியை மீண்டும் மீண்டும் திருகுவர். தப்பியிருக்கக்கூடிய இயந்திரமும் அப்போதுதான் உடைகிறது. காரை அப்படியே இழுத்துச் சென்றால், பட்டறையில் வடிகட்டியைத் திறந்து பார்ப்பார்கள். அது நனையாமல் இருந்தால், தண்ணீர் சிலிண்டரை எட்டாமல் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.