வெயிலால் குளிரூட்ட முடியுமா?

கோடை வந்துவிட்டால் மளிகைக் கடைக்காரருக்கு இரட்டைச் சுமை. பால், தயிர், வெண்ணெய் கெடாமலிருக்க ஃபிரிட்ஜ் ஓய்வின்றி ஓட வேண்டும், மின்கட்டணமும் ஏறும். கடையைச் சுடும் இந்த வெயிலைக் கொண்டே சரக்கைக் குளிர வைக்க முடியுமா?

முடியும். 1878-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில், அகஸ்டின் மூஷோ என்ற பிரெஞ்சு அறிஞர் வெயிலைக் குவித்துப் பெற்ற வெப்பத்தால் பனிக்கட்டி செய்து காட்டினார்.

இதன் தத்துவம் எளிது. அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரையும். அக்கரைசலைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகப் பிரியும். அந்த ஆவியைத் திரவமாக்கி, அழுத்தம் குறைந்த குழாயில் விட்டால், சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மீண்டும் ஆவியாகும். அங்கேதான் குளிர்ச்சி உண்டாகிறது. ஆவி மறுபடியும் தண்ணீரில் கரைய, சுற்று தொடர்கிறது. கம்ப்ரசர் தேவையில்லை. மின்சாரம் எட்டாத இடங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் ஓடிய பழைய ஃபிரிட்ஜ்களும் இம்முறையில் இயங்கியவையே.

பெரிய கட்டடங்களின் ஏ.சி.க்கு லித்தியம் புரோமைடு கரைசல் கொண்ட இயந்திரங்கள் உள்ளன. 80 முதல் 90 டிகிரி வரை சூடான நீரே இவற்றுக்குப் போதும். ஆனால் ஒரு பங்கு வெப்பம் கொடுத்தால் சுமார் 0.7 பங்கு குளிர்ச்சியே கிடைக்கும். வெப்பம் சேகரிக்கும் தகடுகள், வெந்நீர்த் தொட்டி, குளிர்விக்கும் கோபுரம் என முதலீடும் இடமும் அதிகம் வேண்டும். ஆகவே சிறு கடைக்கு இது கட்டுப்படியாகாது. சோலார் பேனல்களின் விலை வெகுவாகக் குறைந்துவிட்டதால், பேனல் மின்சாரத்தில் சாதாரண ஃபிரிட்ஜை ஓட்டுவதே சிக்கனம்.

அப்படியானால் சூரிய வெப்பத்தால் நமக்குப் பயனில்லையா? உண்டு. சூடே தேவைப்படும் இடத்தில் அது முழுப் பலன் தரும். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய மூன்றரை யூனிட் மின்சாரம் செலவாகும். பாத்திரம் கழுவ அன்றாடம் வெந்நீர் வேண்டிய உணவகங்களும் இனிப்புக் கடைகளும் இச்செலவை வெயிலிடமே விட்டுவிடலாம். மிளகாய், மஞ்சள் மொத்த வியாபாரிகளுக்கு மூடிய சூரிய உலர்த்தி உதவும். களத்து மண்ணும் திடீர் மழையும் சரக்கைத் தொடா. ஈரம் சீராக வற்றினால் பூஞ்சணம் பிடித்துச் சரக்கு கழியும் நஷ்டமும் குறையும்.

எனவே விற்பனையாளர் சொல்வதைக் கேட்டு முன்பணம் கொடுக்கும் முன், நமக்குத் தேவை சூடா, மின்சாரமா என்று கணக்குப் பார்ப்போம். சூடு வேண்டுமானால் சூரிய வெப்பக் கருவி. குளிரும் வெளிச்சமும் வேண்டுமானால் பேனல். இதை மாற்றி வாங்கினால் போட்ட முதல் திரும்பப் பல காலம் ஆகும்.