ஆலயத் தரையில் ஜாதிக் கோடு

மேல்நாட்டுத் திருச்சபைகள் நிறவெறியைப் பற்றித் தம் ஜனங்களுக்குப் போதிக்கப் புகும்போது, தத்தம் ஊரின் அடிமை வாணிபத்தையும் தம் ஆலயங்களில் கறுப்பருக்கென ஒதுக்கிய ஆசனங்களையும் முன்வைத்தே தொடங்குவது இப்போது வழக்கமாகிவருகிறது. காவிரிப் படுகையின் சபைகள் ஜாதியைப் பற்றி அவ்வாறே போதிக்க விரும்பினால், திருவாரூருக்கு வடகிழக்கே தரங்கம்பாடியில் அதற்கான சரித்திரம் ஆயத்தமாக இருக்கிறது.

1706இல் லுத்தரன் மிஷனரியான சீகன்பால்கு கரையிறங்கிய அவ்வூரில், 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில், வேளாள விசுவாசிகளும் பறையர் விசுவாசிகளும் ஒரே கூரையின்கீழ் தனித்தனியே அமர்ந்தனர். மிராசுதாரின் தெருவையும் பண்ணையாளின் சேரியையும் பிரித்த கோடு ஆலயத் தரையிலும் இருந்தது. தஞ்சை மன்னரின் படையில் சேவகம் செய்த இராஜநாயக்கன் என்பார், தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதப் பகுதிகளைப் படித்து, பின் உபதேசியாராகித் தஞ்சை நாட்டில் சபை வளர உழைத்தவர். எனினும் 1733இல் இந்திய லுத்தரன் குருமாருள் முதல்வராக அபிஷேகம் பெற்றவர் வேளாளரான ஆரோனே. பறையரான இராஜநாயக்கனின் கையால் இராப்போஜனம் பெற வேளாளர் இசையார் என்று மிஷனரிமார் கருதியமையால், அவர் 1771இல் மரிக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

அடுத்த நூற்றாண்டில் காற்று மாறியது. கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் ஜாதி வேற்றுமை தாமதமின்றி முற்றாக ஒழிய வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையில் இதனை ஏற்காத பலர் சபையை விட்டே விலகினர். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, முந்தைய தலைமுறை மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கரும் பெருங்கவிஞருமான வேதநாயக சாஸ்திரியார், புதிதாய் வந்த இளம் மிஷனரிமாரைக் கண்டித்து எழுதியிருந்தார். வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தியது, பண்டிகைகளில் மலரை விலக்கியது, தமிழ்க் கீர்த்தனங்களைத் தடுத்தது, ஜாதியாரைக் கலந்து உட்காரச் செய்தது என நான்கையும் அவர் ஒரே வரிசையில் வைத்துக் கொடுமைகள் என்றார். முதல் மூன்றையும் கேட்கையில் நம் நெஞ்சம் சாஸ்திரியார் பக்கமே சாய்கிறது. நான்காவதில் திடுக்கிட்டு நிற்கிறோம். தமிழ்ப் பண்பாட்டைக் காப்பதும் ஜாதியைக் காப்பதும் ஒரே பேனாவில் எழுதப்பட்ட இவ்விடத்தைத் தாண்டிச் செல்லும் பாடம், வெள்ளைக்காரரின் பெருந்தன்மைக் கதையாகவே முடியும்.

அண்மைக் காலத்தில் ஜாதியைப் பற்றிய போதனை சபைகளில் நடைபெறாமலில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையையும், எல்லாரும் ஒரே உலையில் சமைத்து உண்பதையும் இறையியலாகவே கற்பித்தார். நவம்பர் இரண்டாம் ஞாயிறு, கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து அனுசரிக்கும் தலித் விடுதலை ஞாயிறு. தீண்டாமை திருச்சபைக்குள்ளும் உண்டென்று இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட கொள்கையிலேயே ஒப்புக்கொண்டது. ஜாதியும் இனமும் ஒன்றா என்ற தர்க்கம் 2001இல் இனவெறிக்கு எதிராக ஐ.நா. நடத்திய டர்பன் மாநாட்டில் பெரிதாக எழுந்தது; ஒன்றல்ல என இந்திய அரசு வாதித்தது. பிறப்பை வைத்து ஒருவரைப் பந்தியிலிருந்து விலக்குவது இரண்டிலும் ஒன்றே ஆகையால், சபைக்கு அத்தர்க்கம் அவ்வளவு முக்கியமன்று.

ஆயினும் ஆண்டுக்கொருமுறை வரும் அந்த ஞாயிற்றில், "கிறிஸ்துவுக்குள் ஜாதியில்லை" என்னும் பொதுவாக்கியத்தோடு பிரசங்கம் முடிந்துவிடுமாயின், அதன் நஷ்டம் ஆலயத்தோடு நிற்பதில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் ஜாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்றாகி, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தபோதும், கிறிஸ்தவர் வெளியிலேயே நிற்கின்றனர். இதனை ஆராய 2022இல் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. கிறிஸ்தவத்தில் ஜாதியில்லை என்பதே உரிமையை மறுப்போரின் வாதமாக இருக்க, அதனையே பிரசங்க பீடத்திலிருந்தும் சொல்லும் போதகர் தம் சபையின் ஏழைகளுக்கு எதிராகவே சாட்சி சொல்பவராகிறார். இராஜநாயக்கனின் வரலாறோ அவர்கள் பக்கத்துச் சாட்சி.