ரொட்டிக் கடை முதல் உயில் வரை: பிரெஞ்சுச் சட்டத்தொகுப்பின் ஆட்சி

பாரிஸ் நகரில் ஒருவர் ரொட்டிக் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் 'புலான்ஜரி' என்று பெயர்ப்பலகை மாட்ட அவருக்கு உரிமை உண்டா? மாவு பிசைவது, புளிக்க வைப்பது, உருட்டி வடிவம் கொடுப்பது, சுடுவது ஆகிய நான்கையும் விற்கும் இடத்திலேயே செய்தால் உண்டு. மாவையோ ரொட்டியையோ எந்தக் கட்டத்திலும் உறைய வைத்திருக்கக்கூடாது. தொழிற்சாலையிலிருந்து உறைந்த மாவை வாங்கிச் சுடுபவர் ரொட்டி விற்கலாம். அந்தப் பெயரை வைக்க முடியாது. 1998இல் இயற்றப்பட்ட இந்த விதி இன்று பயனீட்டாளர் சட்டத்தொகுப்பில் இருக்கிறது.

ஒரு பெயர்ப்பலகைக்கு இத்தனை சட்டமா என்று நாம் வியக்கலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலேயர் வழியில் வந்த சட்ட முறை நடப்பில் உள்ளது. இங்கே நாடாளுமன்றச் சட்டங்களோடு, முன்பு நீதிபதிகள் வழங்கிய தீர்ப்புகளும் சட்டமாகின்றன. பிரான்சில் நிலைமை வேறு. அங்கே முதலில் புரட்டிப் பார்ப்பது தொகுப்பு நூலை.

நான்கு அறிஞர்கள், ஒரு நூல்

பழைய பிரான்சின் வடபகுதியில் ஊருக்கு ஊர் வேறுபட்ட வழக்கங்களும், தென்பகுதியில் ரோமானியச் சட்டமும் நிலவின. புரட்சிக்குப் பின், 1800இல், நெப்போலியன் நான்கு சட்ட அறிஞர்களை நியமித்தார். அவர்கள் தொடங்கிய பணி 1804 மார்ச் 21ஆம் நாள் 2,281 விதிகள் கொண்ட சிவில் சட்டத்தொகுப்பாக நிறைவு பெற்றது. 1807இல் வர்த்தகத்திற்கும், 1810இல் குற்றவியலுக்கும் தொகுப்புகள் வந்தன. இன்று தொழிலாளர், சாலைப் போக்குவரத்து, கல்வி, பொதுச் சுகாதாரம் என எழுபதுக்கும் மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன.

வாழ்க்கையில் அவை எவ்வளவு தூரம் நுழைகின்றன என்று பாருங்கள். இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் காரணம் சொல்லாமலே 14 நாள்களுக்குள் வேண்டாம் எனத் திருப்பித் தரலாம். 'சோல்ட்' எனப்படும் பெரும் மலிவு விற்பனை ஆண்டுக்கு இருமுறை, நான்கு வாரங்கள் வீதம், குறித்த தேதிகளில்தான் நடக்கும். மற்ற நாள்களில் வாங்கிய விலைக்கும் கீழே விற்கப் பொதுவாகத் தடை உண்டு. பெரிய கடைகள் சிறிய கடைகளை நசுக்கிவிடக்கூடாது என்பதே நோக்கம்.

உயில் எழுதுவதிலும் எல்லை உண்டு. ஒரே பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி, இரு பிள்ளைகள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கு மேல் என்றால் முக்கால் பங்கு பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டது. பெற்றவர் கோபித்துக்கொண்டாலும் அதில் கைவைக்க முடியாது.

நூலில் இல்லாதது வந்தால்?

1804இல் லாரி இல்லை. ஆனால் 1925இல் ஒரு லாரி ஒரு சிறுமியைக் காயப்படுத்தியது. தொகுப்பில் விதி இல்லை என்று நீதிபதி ஒதுங்க முடியாது. சட்டம் மௌனமாக இருக்கிறது என்று தீர்ப்பளிக்க மறுப்பதே குற்றம் என்கிறது நான்காவது விதி. எனவே உயர்ந்த நீதிமன்றம் 1930இல் பழைய விதி ஒன்றுக்குப் புதிய பொருள் கண்டது: பொருளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரே அது விளைவித்த சேதத்திற்குப் பொறுப்பு, பாதிக்கப்பட்டவர் அவருடைய தவற்றை நிரூபிக்க வேண்டியதில்லை.

மகளுக்குப் பங்கு, மனைவிக்குக் கட்டு

இந்த நூல் தமிழர் வீடுகளுக்குள்ளும் வந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் 1819இல் இது நடைமுறைக்கு வந்தபோது, குடும்ப விவகாரங்களில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் வழக்கமே விடப்பட்டது. 1881இல் வந்த ஆணை, விரும்பியவர்கள் அந்த வழக்கத்தைத் துறந்து சிவில் தொகுப்பின்கீழ் வர வழிவிட்டது. அப்படித் துறந்தவர் வீட்டில் மகன், மகள் என்ற வேறுபாடின்றிச் சொத்தில் சம பங்கு. அக்காலத் தமிழ்ப் பெண்ணுக்கு அது சிறிய செய்தியன்று.

அதே நூல் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தது. பிரான்சில் அந்த வரி 1938இல்தான் நீங்கியது. கணவனின் சம்மதமின்றி வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்குத் திறக்கவும் பிரெஞ்சு மனைவியர் 1965 வரை காத்திருந்தனர்.

எழுதி வைத்ததனாலேயே சட்டம் நியாயமாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் எழுதியிருப்பதால் ஒரு நன்மை உண்டு. அநீதி எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். அந்த வரியை மாற்று என்று கேட்கலாம். ரொட்டிக் கடைக்காரரும் கேட்கலாம், மகளும் கேட்கலாம், மனைவியும் கேட்கலாம். எந்த நாட்டவராயினும், நம்மை ஆளும் சட்டத்தை எடுத்துப் படிக்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.