யானையைக் கட்டித் தீனி போடலாமா?

பழைய சொகுசுக் கார் வாங்க நினைக்கும் வணிகர்கள் கவனத்திற்கு

நமது கடைவீதிகளில் சில ஆண்டுகளாக ஓர் ஆசை பரவி வருகிறது. புதிதில் 50 லட்சம் ரூபாய்க்கு விற்ற மெர்சிடிஸ் பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி கார்கள் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பின் 8 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் கிடைக்கின்றன. புதிய சிறிய கார் விலைக்குப் பெரிய கார் வருகிறதே என்று நம்மவர்கள் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். உழைத்த வணிகர் நல்ல காரில் போவதில் தவறில்லை. ஆனால் மிளகாய் வற்றல் மூட்டை மார்க்கெட் விலைக்குக் கீழே வந்தால் முதலில் கையை விட்டு ஈரம் பார்க்கிறோம் அல்லவா? காருக்கும் அதே கண் வேண்டும்.

விலை இறங்கியது காருக்கு மட்டுமே

காரின் விலை ஐந்தில் ஒரு பங்காக இறங்கினாலும், உதிரி பாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. 10 லட்சம் கொடுத்து வாங்கியவரும் 50 லட்சம் ரூபாய்க் காருக்குரிய பராமரிப்புச் செலவைச் செய்தே ஆக வேண்டும். இதை மறப்பதுதான் முதல் குழி.

செலவு வரும் இடங்களும் தெரிந்தவையே. பல மாடல்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் ஏர் சஸ்பென்ஷன் இருக்கும். அதன் ரப்பர் பைகள் வயதாக ஆக வெடிப்பு விடும். ஒரு பையில் காற்று கசிந்தால், அதை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் கெடும். ஒரு பழுது இரண்டாகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று விற்பவர் சொல்வார். ஆனால் பல கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றாத கியர்பாக்ஸ் பழுதானால் செலவு லட்சக்கணக்கில் போகும். என்ஜினைக் குளிர்விக்கும் பகுதியில் உள்ள பிளாஸ்டிக் தொட்டி, குழாய் இணைப்புகள் சூட்டில் உளுத்து உடையும். கவனிக்காமல் ஓட்டினால் என்ஜின் ஹெட் வளைந்துவிடும். ரன்-பிளாட் டயர் போட்ட பல கார்களில் ஸ்டெப்னி கிடையாது. டயர் விலையும் அதிகம்.

காகிதத்தில் உள்ள குழிகள்

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆயிற்று. பசுமை வரி தனி. 12 வருடக் காரை வாங்குபவர் மூன்றே வருடத்தில் இந்த வாசலுக்கு வந்துவிடுவார்.

2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்த பின், அங்கிருந்த கார்கள் மலிவாகத் தெற்கே வந்தன. வெளிமாநிலக் கார் என்றால் தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி இரண்டையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

இன்ஷூரன்ஸிலும் கவனம் தேவை. தேய்மானம் கழிக்காத பாலிசி பெரும்பாலும் ஐந்து வயது வரையே கிடைக்கும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகை கழிப்பார்கள். 10 ஆண்டு கடந்த காரின் இரும்புப் பாகங்களுக்கும் பாதி கழியும். சில மாடல்களில் ஒரு ஹெட்லைட்டே லட்சத்தைத் தாண்டும். பாதி நம் கையிலிருந்துதான். காரை வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியைப் பெயர் மாற்ற விண்ணப்பிக்காவிட்டால், நம் காரின் சேதத்துக்கு கிளைம் கிடைப்பது கடினம்.

ஜி.எஸ்.டி.யில் சலுகை இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். மளிகை வியாபாரி தம் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு மட்டுமல்ல, அதன் ரிப்பேர் பில்லில் கட்டும் வரிக்கும் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது.

முதலைத் தின்னும் வண்டி

நாம் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். ரிப்பேர் பில் வரும் நாள் நம்மைக் கேட்டு வருவதில்லை. தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த 2 லட்சம் கியர்பாக்ஸுக்குப் போனால், கடையில் எண்ணெய் டின்னும் பருப்பு மூட்டையும் குறையும். அந்த முதல் ஆண்டில் பல முறை சுழன்று வந்திருக்கும். மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் கடனுக்குச் சரக்குப் போடும்போது வாசலில் நிற்கும் காரைப் பார்ப்பதில்லை, அலமாரியைத்தான் பார்க்கிறோம். அலமாரி காலியாகி வாசலில் கார் பெரிதானால், அடுத்த லோடுக்கு யாரும் யோசிக்கவே செய்வார்கள். நாணயம் போன பின் எந்தக் காரும் அதை மீட்டுத் தராது.

வாங்கியே தீர வேண்டுமானால்

1. அதிகாலையில், ஸ்டார்ட் செய்யும் முன் காரைப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் காற்றுப் பை கசிகிறது. என்ஜினை முன்பே சூடாக்கி வைத்திருந்தால் வேறு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

2. விற்பவருக்கு வேண்டாத ஒரு பணிமனையில் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஸ்கேனும் எடுங்கள். பல கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமன்றி வேறு கருவிகளிலும் பதிவாகியிருக்கும். திருப்பி வைத்த மீட்டர் அங்கே அகப்படும்.

3. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சேறோ துருவோ இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015, 2023 சென்னை வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் எத்தனையோ.

4. ஆர்.சி.யில் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, அபராதம் பாக்கி உண்டா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள்.

5. பணத்தை வங்கி மூலமே கொடுங்கள். 2017 முதல் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு அதே அளவு அபராதம் உண்டு.

6. காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். அது கடை முதலாக இருக்கக் கூடாது.

இந்த ஆறாவது தொகையை எடுத்து வைக்க இயலாதவர், 10 லட்சம் கையில் இருந்தாலும் அந்தக் காருக்கு வசதியானவர் அல்லர். அவருக்கு வாரண்டியுடன் வரும் புதிய சிறிய காரே ஏற்றது. கார் வாங்கப் பணம் இருக்கிறதா என்று கேட்பதை விட, அது பழுதாகி நிற்கும் மாதத்திலும் கடைக்குச் சரக்கு வருமா என்று கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.