வாயிலும் தராசும்

சென்ற மாதம் ஹட்டனில் மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு மாலைப் பொழுதில், முன்னர் என்னிடம் கணிதம் பயின்ற மாணவன் ஒருவன் தன் தாயாருடன் என் வீட்டுக்கு வந்தான். அந்த அம்மையார் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடங்களுக்கு மேலாகக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மகன் கணினிக் கல்வி கற்றவன். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே கணக்குப் பயிற்சி செய்யக்கூடிய செயலி ஒன்றை ஆறு மாதம் இரவிலே கண் விழித்து ஆக்கியிருக்கின்றான். விலை 300 ரூபா.

"ஐயா, செயலிக் கடையில் வைத்தால் ஒவ்வொரு முந்நூறிலும் நாற்பத்தைந்து ரூபாயை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பணத்தையும் அவர்கள் வழியாகத்தான் வாங்க வேண்டும். வேண்டாமென்று நினைத்தால் நாளைக்கே தூக்கிவிடலாம். இது நியாயமா?" என்று கேட்டான்.

நான் விடை சொல்வதற்கு முன்னரே தாயார் குறுக்கிட்டார்: "ஏன் தம்பி, கடையும் அவங்களோடதுதான், தராசும் அவங்களோடதுதானா?"

அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னை உறங்கவிடவில்லை. இன்று உலகின் பெரிய நீதிமன்றங்களிலே பெரிய வழக்கறிஞர்கள் கோடிக்கணக்கிற் பணம் செலவிட்டு வாதாடுகின்ற விஷயம் ஏறக்குறைய அதுவேயாகும்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மவர் கையிலுள்ள கைத்தொலைபேசிகள் அனேகமாக இரண்டு கம்பெனிகளின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஒன்று ஆப்பிள், மற்றது அன்ட்ரொயிட் முறைமையை நடத்தும் கூகுள். ஆப்பிள் தனது செயலிக் கடையை 2008 ஜூலை 10 ஆம் திகதி திறந்தது. கூகுளும் அதே ஆண்டு ஒக்டோபரிலே தன் கடையைத் திறந்தது. விற்கும் விலையில் நூற்றுக்கு 30 கடைக்கு, 70 ஆக்கியோனுக்கு என்பது ஆரம்ப ஏற்பாடு. அன்று அதனைக் கொள்ளை என்று எவரும் பெரிதாகக் கூச்சலிடவில்லை என்பதையும் நேர்மையுடன் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னர் மென்பொருளைத் தட்டிலே பதித்து, பெட்டியிலே அடைத்து, கடை கடையாக அனுப்பி விற்ற காலத்தில் ஆக்கியோன் கைக்கு எஞ்சியது அதனிலும் சொற்பம். ஓர் அறையிலிருந்து கொண்டே உலகம் முழுவதற்கும் விற்கலாம் என்ற வசதியைக் கண்டு பலரும் மகிழ்ந்தனர். சிறிய ஆக்கியோருக்கு ஆண்டொன்றில் முதற் பத்து இலட்சம் டொலர் வரை நூற்றுக்கு 15 போதும் என்ற சலுகையை இரு கம்பெனிகளும் 2021 இலே கொண்டுவந்தன. என் மாணவனின் நாற்பத்தைந்து ரூபாக் கணக்கு அவ்வழி வந்ததே. அதன் பின்னர் வழக்குகளின் காரணமாக நாட்டுக்கு நாடு இக்கட்டணம் மாறி வருகின்றது.

கட்டணத்தின் அளவைக் காட்டிலும் கருத வேண்டியது, வேறு வாயில் உண்டா என்பதாகும். ஆப்பிள் தொலைபேசியிலே, மிக அண்மைக் காலம் வரை, அக்கம்பெனியின் கடையைத் தவிர வேறெங்கிருந்தும் ஒரு செயலியைப் பெற்றுப் பதிக்க இயலாதிருந்தது. அன்ட்ரொயிட்டில் வெளியிலிருந்து பதிக்க வழியுண்டு. ஆயின் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை தோன்றுவதால் சாதாரண மனிதர் அவ்வழி செல்லப் பயப்படுவர்.

தமிழரோடு நேரே தொடர்புடைய வழக்கு ஒன்று சென்னையிலே நடந்தது. அதனை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. முருகவேல் ஜானகிராமன் என்பவர் 1990 களின் இறுதியில் அமெரிக்காவில் தொழில் பார்த்த காலத்தில் தமிழர்களுக்கென ஓர் இணையத்தளம் நடத்தினார். அதில் ஒரு மூலையில் இருந்த வரன் தேடும் பகுதியே பின்னர் பாரத் மேட்ரிமோனி என வளர்ந்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய கம்பெனியாயிற்று. மாப்பிள்ளை பார்ப்பது நம் வழக்கத்தில் தரகர் தொழில் அன்றோ! அந்தத் தரகர் பெறும் சந்தாப் பணத்திலே தமக்கும் ஒரு பங்கு வேண்டும், அதுவும் தம் பணப்பெட்டி வழியாகவே வரவேண்டும் என்று இன்னொரு தரகர் கேட்டால் எப்படியிருக்கும்? கூகுள் கம்பெனியின் விதி அவ்வாறுதான் அமைந்திருந்தது.

இந்தியப் போட்டி ஆணையம் இதனை ஆராய்ந்து, 2022 ஒக்டோபர் 25 ஆம் திகதி கூகுளுக்கு 936 கோடியே 44 இலட்சம் ரூபா அபராதம் விதித்தது. பிறருடைய பணம் பெறும் முறைகளையும் அனுமதிக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. கூகுளின் சொந்தச் செயலியாகிய யூடியூப் அந்தக் கட்டணத்தைச் செலுத்தாதிருக்க, போட்டியாளர் மாத்திரம் செலுத்த வேண்டியிருப்பது பாரபட்சம் என்றும் ஆணையம் கண்டது. கூகுள் கட்டளைக்குப் பணிந்தது. பணிந்த விதத்தைக் கேளுங்கள்: வேறு முறையிலே பணம் வாங்கிக்கொள்ளலாம், அப்போது எமது பங்கில் நூற்றுக்கு 4 மாத்திரம் குறையும் என்றது. 30 கொடுத்தவர் 26 கொடுக்க வேண்டும். 15 கொடுத்தவர் 11. அந்த நான்கும் வேறு வழியிற் பணம் பெறுவதற்கே செலவாகிவிடும் என்று ஆக்கியோர் முறையிட்டனர். தென்கொரியா 2021 ஓகஸ்ட் 31 ஆம் திகதி இதற்கெனவே சட்டம் இயற்றியபோதும் அங்கே கிடைத்த குறைப்பு அதே நான்குதான்.

சென்னைக் கம்பெனியும் வேறு சிலவும் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. இது போட்டி ஆணையம் விசாரிக்க வேண்டிய விஷயம் எனக் கூறி 2023 ஓகஸ்டில் வழக்குகள் தள்ளப்பட்டன. 2024 ஜனவரியில் மேன்முறையீடும் தோற்றது. பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு வழங்க மறுத்தது. மார்ச் முதலாந் திகதி கூகுள் பத்து இந்தியக் கம்பெனிகளின் செயலிகளைத் தன் கடையிலிருந்து அகற்றத் தொடங்கியது. பாரத் மேட்ரிமோனியும் அதன் கிளைச் செயலிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. மறுநாளே இந்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இதனை அனுமதிக்க இயலாது என்றார். பேச்சுவார்த்தை நடந்தது, நான்கைந்து நாட்களில் அவை கடைக்குத் திரும்பின. அபராதத்தை 2025 மார்ச்சில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் 216 கோடியே 69 இலட்சமாகக் குறைத்தது. விவகாரம் பின்னர் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

நூற்று நாற்பது கோடி மக்களின் அரசாங்கத்து அமைச்சர் ஒருவர் குரல் கொடுத்ததனால் அச்செயலிகள் திரும்பின. ஹட்டனில் ஓர் அறையிலிருந்து கணக்குப் பயிற்சி விற்பவனுக்காக எந்த அமைச்சர் குரல் கொடுப்பார்?

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். அது வெறும் சாக்கு அன்று. வாயிலிலே காவலன் வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து வரும் இணைப்பைத் தொட்டு, கடன் தருவதாகச் சொல்லும் போலிச் செயலியைப் பதித்து, தொலைபேசியிலுள்ள படங்களையும் உறவினர் எண்களையும் பறிகொடுத்து, பின்னர் மிரட்டலுக்கு ஆளானோர் கதைகளை யாவரும் கேட்டிருக்கின்றோம். வாயிலைத் திறந்து போட்டால் முதலில் அகப்படுவோர் லயத்திலே தனித்திருக்கும் முதியோரே. ஆனால் காவலனும் சில வேளை உறங்குகிறான். 2022 செப்டெம்பருக்கும் 2023 ஓகஸ்டுக்கும் இடையே 2,200 க்கும் மேற்பட்ட மோசடிக் கடன் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியதாக இந்திய அரசாங்கம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நீக்கியது நல்லது. அத்தனையும் முதலில் அந்த வாயில் வழியாகத்தானே உள்ளே வந்தன! மேலும், செயலி நஞ்சுடையதா என்று சோதிப்பது ஒரு வேலை. விற்ற பணம் எந்தப் பெட்டியில் விழ வேண்டும் என்று கட்டளையிடுவது வேறொரு வேலை. முன்னதற்குச் சொல்லும் நியாயத்தைப் பின்னதற்கும் போர்த்திவிடுகிறார்கள்.

மலையகத்தார்க்கு இவ்வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. வந்து போகும் பாதை, அரிசி கொடுக்கும் இடம், கடன் எழுதும் ஏடு ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தார் கையிலிருந்த காலத்தை நம் முன்னோர் கண்டவர்கள். தோட்டம் மாற விரும்பிய தொழிலாளி, கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று எழுதிய 'துண்டு' இல்லாமல் அசைய இயலாது. கடன் எவ்வளவு என்பதோ அவர்கள் ஏட்டிலேயே இருந்தது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. இன்றும் கொழுந்து மடுவத்தில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிக்கும்போது எழுகின்ற முணுமுணுப்பு அந்தப் பழைய வினாவின் எச்சமே. உவமையை அளவுக்கு மீறி இழுப்பதும் தகாது. செயலி ஆக்குவோன் கடனாளிக் கூலி அல்லன். பிடிக்கவில்லையெனில் வேறு தொழில் பார்க்கலாம். ஆனாலும் நிறுவை, ஏடு, வாயில் மூன்றும் ஒருவரிடமே சேர்வது எப்படிப்பட்டது என்பதை நம்மைப் போல் அறிந்தவர் சிலரே.

அதே தேயிலை விற்பனையாகும் இடத்தைப் பாருங்கள், அங்கே வேறொரு முறை வளர்ந்திருக்கின்றது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 ஆம் திகதி ஆரம்பமாயிற்று. 1894 முதல் கொழும்புத் தேயிலை வியாபாரிகள் சங்கம் அதன் நடைமுறைகளைப் பேணி வருகின்றது. விற்போர், வாங்குவோர், தரகர் ஆகிய எல்லோருக்கும் அச்சங்கத்தில் இடமுண்டு. பட்டியல் முன்கூட்டியே வெளியாகும், மாதிரித் தேயிலை வாங்குவோர் யாவருக்கும் செல்லும், தரகரும் பலர். ஏலத்தை விட்டு நேரே விற்கவும் விதிகளுக்கு உட்பட்டு வழியுண்டு. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தின்போது அந்த ஏலமே கணினிக்கு மாறியது. மாறிய பின்னரும் மேடை ஒருவர் சொத்தாகிவிடவில்லை. குறைகள் அதிலும் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு அங்கே குரல் இல்லை என்பது அவற்றுள் பெரியது. இருந்தும், சந்தை நடத்துபவனே சந்தையில் மிகப் பெரிய வியாபாரியாகவும் இருக்கும் விபரீதம் அங்கில்லை.

இடைத்தரகரைத் தாண்டிச் செல்லும் ஆசை பணக்காரருக்கும் உண்டு. 1890 இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன், லண்டன் தரகரிடம் தேயிலை வாங்குவதை விடுத்து, அப்புத்தளைக்கு அருகே தம்பதென்னை முதலிய தோட்டங்களையே வாங்கித் தம் சொந்தக் கடைகளில் விற்றார். அவரிடம் கடைகள் இருந்தன; ஆதலால் இயன்றது. நம் காலத்தில் அந்த வேலையைச் செய்யத் துணிந்தது எபிக் கேம்ஸ் என்னும் அமெரிக்க விளையாட்டுக் கம்பெனி. 2020 ஓகஸ்ட் 13 ஆம் திகதி, தன்னிடம் நேரே பணம் செலுத்துவோருக்கு விலை குறைவு என்று ஃபோர்ட்நைட் விளையாட்டிலே அறிவித்தது. அன்றே இரு கடைகளும் அதனைத் தூக்கின. கூகுளுக்கு எதிரான வழக்கில் 2023 டிசம்பரில் ஜூரிகள் எபிக் பக்கம் நின்றனர். ஆப்பிள் வழக்கில் அந்தக் கம்பெனியை ஏகபோகம் என நீதிபதி ஏற்கவில்லை. ஆயினும் வெளியிலே பணம் செலுத்தும் வழியைக் காட்ட ஆக்கியோரைத் தடுக்கலாகாது என 2021 இலே பணித்தார். ஆப்பிள் வழியைக் காட்ட விட்டது. காட்டிய வழியிற் சென்று வாங்கினாலும் நூற்றுக்கு 27 தரவேண்டும் என்றது! 2025 ஏப்ரல் 30 ஆம் திகதி அதே நீதிபதி இது நீதிமன்றக் கட்டளையை அவமதித்ததாகும் எனக் கண்டித்தார். ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2024 மார்ச் முதல் ஆப்பிள் தொலைபேசியிலும் பிறர் கடை வைக்கலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது.

என் அபிப்பிராயத்தை மறைக்கவில்லை. கடைக்காரர் வாயிலைக் காக்கட்டும். அந்தச் சேவைக்கு நியாயமான கூலியும் பெறட்டும். பக்கத்திலே வேறு கடை திறப்பதைத் தடுக்கவும், விலை மலிவான இடத்தைப் பெயர் சொல்வதற்கும் வரி கேட்கவும், தம் சரக்கை இலவசமாக முன்வரிசையில் வைத்துக்கொண்டு பிறர் சரக்கைத் தூக்கியெறியவும் அவருக்கு உரிமை இருத்தலாகாது. தூக்கியெறிந்தால், அவரல்லாத ஒருவரிடம் முறையிட வழி வேண்டும். நம் நாட்டிலும் போட்டியைக் கெடுக்கும் வியாபார நடைமுறைகளை ஆராய 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கின்றது. அதன் அலுவலர் பருப்பு விலையோடு இந்த விலையையும் பார்த்தாலென்ன?

மாணவனுக்கு நான் கடையில் வை என்றே சொன்னேன். வேறு வழி அறியேன். வைத்தான். முதல் மாதக் கணக்குடன் போன ஞாயிற்றுக்கிழமை வந்தான்: பதினொரு பிரதி, 3,300 ரூபா, கழிவு 495, கைக்கு 2,805. தாயார் இம்முறையும் உடன் வந்திருந்தார்.

"பதினொண்ணுன்னு எண்ணுனது யாரு, தம்பி?"

"அவங்கதாம்மா."

அவன் தொலைபேசியைத் திருப்பிக் கணக்கைக் காட்டினான். அம்மையார் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகப் பார்க்கத் தொடங்கினார்.